ஏணியும் எள்ளலும்

சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிழற்படக் கலையின் வரலாறு பற்றி அன்பர் ஒருவர் உரையாற்றினார். சொற்பொழிவு என்றாலே பின்வரிசையில் அமர்ந்து, காப்பி வரும் நேரம் பார்த்து மெல்ல நழுவும் வழக்கமுடையோரும் அன்று இருக்கையை விட்டு எழவில்லை. உரையோடு பழைய படங்களும் வெண்திரையில் காட்டப்பெற்றதே காரணம். மனிதனுக்குப் படம் பார்க்கும் ஆசை என்றும் அடங்குவதில்லை; அதிலும் பழைய படம் என்றால், முன்னோர் எப்படியிருந்தனர் என்று காணும் ஆவலும், நாம் அப்படியில்லை என்று எண்ணி மகிழும் ஆவலும் ஒருங்கே சேர்ந்துகொள்கின்றன.

படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. செய்தித்தாள்களுக்காக முதன்முதலில் படமெடுத்தோரைப் பற்றிய பகுதி தொடங்கியது. அப்போது திரையில் தோன்றியது அந்தப் படம்: ஆளுயரத்தை விஞ்சும் ஓர் ஏணி, அதன் மேற்படிகளில் கணுக்கால் வரை தொங்கும் பாவாடையும் தலையில் தொப்பியுமாக ஒரு பெண்மணி, அவர் வசம் ஒரு பெட்டி, பெட்டி என்றுதான் சொல்லவேண்டும், அத்துணைப் பெரிய நிழற்படக் கருவி. உரையாளர் அவர் பெயரைச் சொல்வதற்குள் அரங்கில் சிரிப்பு எழுந்துவிட்டது. "பரணில் இருந்து ஊறுகாய் ஜாடி எடுக்கிறார் போலும்" என்றார் ஒருவர். "வெள்ளையடிக்க வந்தவர் போலும்" என்றார் மற்றொருவர். "அந்த அம்மாளின் வீட்டுக்காரர் எங்கே? ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டாமா?" என்று ஒரு பெரியவர் கேட்க, "நம் வீட்டிலும் ஏணியைப் பிடிக்கும் பதவிதானே நமக்கு!" என்று அவர் பக்கத்தில் இருந்தவர் விடையிறுத்தார். பத்தாம் வகுப்புப் பயிலும் சிறுவன் ஒருவன், "கைப்பேசியை ஒரு குச்சியில் மாட்டி உயர்த்தினால் போதுமே!" என்றான். அரங்கம் அதிர்ந்தது. நாமும் நகைத்தோம், உண்மையைச் சொல்வதானால், சற்று உரக்கவே நகைத்தோம்.

சிறிது நேரம் கழித்து மற்றொரு பெண்மணியின் படம் வந்தது. சேலை உடுத்தியவர், அவர் கையிலும் பெரியதொரு கருவி. "இவர் ஹோமாய் வியாரவாலா, இந்தியாவின் முதல் பெண் செய்தி நிழற்படக் கலைஞர், 2011இல் பத்ம விபூஷண் பெற்றவர்" என்றார் உரையாளர். இம்முறை ஒருவரும் நகைக்கவில்லை. அரங்கம் முழுவதும் கைதட்டியது.

வீடு திரும்புகையில் மெட்ரோ வண்டியில் அமர்ந்து எண்ணிப் பார்த்தோம். இரு படங்களிலும் இருந்தது ஒன்றுதான்: ஒரு பெண், ஒரு பெரிய கருவி, ஒரு தொழில். ஒன்றைக் கண்டு ஏன் நகைத்தோம்? மற்றொன்றைக் கண்டு ஏன் கைதட்டினோம்? பெயரும் பட்டமும் முன்னே வந்தால் மதிப்பு. பெயர் தெரியாவிட்டால் நகைப்பா? மறைந்து பல்லாண்டுகள் ஆகிவிட்ட ஒருவரை, திரும்பி ஒரு சொல் சொல்ல இயலாத ஒருவரைக் கண்டு நகைப்பது அறமாகுமா? வினா சிறியதுதான். ஆயினும் சிறிய வினாக்களே நம்மை வீடு வரை தொடர்ந்து வருகின்றன.

யார் அந்த நங்கை?

ஏணி மேல் நின்றவர் ஜெஸ்ஸி டார்பாக்ஸ் பீல்ஸ். 1870இல் கனடாவில் பிறந்தவர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிந்தவர். ஓர் இதழுக்குச் சந்தா சேர்த்துக் கொடுத்ததற்குப் பரிசாக 1888இல் ஒரு சிறு நிழற்படக் கருவி அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசே அவர் வாழ்வைத் திசைதிருப்பியது. ஆசிரியப் பணியை விட்டார். படமெடுப்பதையே தொழிலாகக் கொண்டார். 1902இல் பஃபலோ நகரத்துச் செய்தித்தாள்களில் நிழற்படக் கலைஞராகப் பணியமர்த்தப்பட்டார். அமெரிக்காவில் செய்தித்தாளில் பணியாற்றிய முதல் பெண் நிழற்படக் கலைஞர் என அவரையே கருதுகின்றனர்.

அவர் ஏறியது ஏணியில் மட்டுமன்று. 1903இல் பஃபலோவில் நடந்த ஒரு கொலை வழக்கின் விசாரணைக் கூடத்தில் படமெடுக்க அனுமதியில்லை. அவர் புத்தக அலமாரி ஒன்றின் மேல் ஏறி, கதவுக்கு மேலிருந்த சிறு சாளரத்தின் வழியே படமெடுத்தார். 1904இல் செயின்ட் லூயிஸ் நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அங்கே படமெடுக்க அவருக்கு முதலில் அனுமதி கிட்டவில்லை. விடாது வாதாடி அதனைப் பெற்றார். பொருட்காட்சித் திடலை மேலிருந்து படமெடுக்க வேண்டுமென்று ஏணியில் ஏறினார். ஏணியும் போதவில்லை என்று வான்கூண்டில் ஏறினார். நாம் நகைத்த படம் அந்நாட்களுக்கு உரியது. அரங்கில் அந்தப் பெரியவர் கேட்டாரே, "வீட்டுக்காரர் எங்கே?" என்று, அதற்கும் விடையுண்டு. கணவர் ஆல்ஃபிரட் பீல்ஸ் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பணி செய்தவர். மனைவியிடம் தொழில் கற்று, அவர் எடுத்து வரும் படங்களை இருட்டறையில் கழுவித் தரும் உதவியாளராகிவிட்டார்! ஏணியைப் பிடிப்பதினும் பெரிய பதவி அது.

நகையின் நான்கு நிலைக்களன்கள்

நகைப்பைப் பற்றிச் சிந்திக்க நம்மவர்க்கு நெடுந்தொலைவு செல்லவேண்டிய தேவையில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்ச்சி உடம்பின்வழி வெளிப்படும் நிலைகளை எட்டாக வகுக்கிறது. அவ்வெட்டனுள் முதலில் வைக்கப்பட்டது நகை. அந்த நகை தோன்றும் இடங்களும் நான்கெனக் கூறப்பட்டுள்ளன: எள்ளல் ஒன்று; இளமை ஒன்று; பேதைமை ஒன்று; மடமை ஒன்று. நம் அரங்கில் எழுந்த சிரிப்பை இந்நான்கு உரைகல்லிலும் உரைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

இளமையை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்தச் சிறுவனின் சிரிப்பு இளமையின் சிரிப்பு. அவன் அறிந்த நிழற்படக் கருவி சட்டைப்பையில் அடங்குவது. இருநூறு கிராம் எடையளவினது. தான் கண்டறியாத ஒன்றைக் கண்டால் குழந்தை நகைப்பது இயல்பு. நம் இல்லத்தில் தந்தையார் பயன்படுத்திய தட்டச்சுப் பொறி ஒன்று உள்ளது. அதனைக் கண்ட நம் மகள் முதலில் கேட்ட கேள்வி, "இதில் திரை எங்கே?" என்பது. நாம் சினந்தோமா? இல்லை, நாமும் சேர்ந்து சிரித்தோம். பிறகு ஒரு தாளைச் செருகி அவள் பெயரை அடித்துக் காட்டினோம். எழுத்து விழும் ஓசையைக் கேட்டு அவள் வியந்து நின்றாள். இளமையின் நகை குற்றமுடையதன்று. அது வியப்பிற்கு முந்திய படி. குழந்தையை அந்தப் படியிலேயே நிறுத்திவிட்டால் அது பெரியோர் குற்றம்.

அடுத்தது பேதைமை. அறியாமையால் விளையும் நகை இது. உரையாசிரியர் வழியில் நின்று பார்த்தால், பேதைமை என்பது நகைக்கப்படுபவரிடத்தும் இருக்கலாம், நகைப்பவரிடத்தும் இருக்கலாம். ஏணி மேல் ஒரு பெண் நிற்பது நமக்கு நகைப்பாயிற்று. அவர் ஏன் அங்கு நின்றார் என்பதை நாம் அறிந்திருந்தோமா?

அக்காலக் கருவியில் தொலைவில் உள்ளதை அருகில் இழுத்துக் காட்டும் வசதியில்லை. கூட்டத்தின் நடுவே தரையில் நின்றால் முன்னிற்பவரின் தொப்பிதான் படத்தில் விழும். ஆகவே கண்ணை உயர்த்த வேண்டுமானால் காலை உயர்த்தியாக வேண்டும். பீல்ஸ் பயன்படுத்திய கருவி எட்டு அங்குல அகலமும் பத்து அங்குல நீளமும் கொண்ட கண்ணாடித் தகடுகளை ஏற்பது. ஒரு தகட்டில் ஒரு படம், தவறினால் தவறியதுதான். கருவி, தகடுகள், முக்காலி என அவர் சுமந்து திரிந்த பொருள்களின் எடை ஏறத்தாழ 50 பவுண்டு, அஃதாவது 22 கிலோவுக்கும் மேல். மேல்நாட்டு மகளிர் அக்காலத்தில் அணிந்த கனத்த உடையோடு, அந்தச் சுமையோடு, அந்த ஏணியில் அவர் ஏறினார்.

வீட்டுக்குள் படமெடுப்பது இதனினும் கடினம். மின்னொளிக் குமிழ் 1929இல்தான் வந்தது. அதுவரை, 1887இல் ஜெர்மனியில் கண்டறியப்பட்ட ஒளிப்பொடியே துணை. மக்னீசியத் தூளையும் பொட்டாசியம் குளோரேட்டையும் கலந்து ஒரு தட்டில் பரப்பித் தீமூட்டுவர். கண்ணைப் பறிக்கும் ஒளி, ஓசை, புகை. அளவு சற்றுப் பிசகினால் கையும் முகமும் கருகும். அப்படிக் கருகியோர் பலர். பழைய படங்களில் நம் பாட்டனார் காலத்தவர் பேயைக் கண்டவர்போல் விழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து நாம் நகைக்கிறோம். நம் முகத்தின் முன்னே ஒருவர் வெடிமருந்தைக் கொளுத்தினால் நாம் புன்னகை பூத்திருப்போமா?

இன்னொன்றும் கூறவேண்டும். ஏணி பழங்காலத்துப் பொருள் என்று எண்ணி நகைத்தோம். இன்றும் லண்டனில் அரச குடும்பத்து நிகழ்ச்சிகளின்போது செய்தி நிழற்படக் கலைஞர்கள் சிறு மடக்கு ஏணிகளைத் தூக்கிக்கொண்டு வருகின்றனர். கருவி சுருங்கிற்று, கூட்டம் சுருங்கவில்லை. ஆகவே அன்று அரங்கில் இருந்த பேதைமை ஏணியின் மேலில்லை; கீழே நாற்காலிகளில் அமர்ந்திருந்தது.

மூன்றாவது மடமை. கற்பித்ததைக் கற்பித்தவாறே பற்றிக்கொண்டு விடாதிருத்தலை மடமை என்பர் உரைகாரர். பழையது எல்லாம் குறையுடையது, புதியது எல்லாம் நிறைவுடையது என்று யாரோ நமக்குக் கற்பித்தார்கள்; நாம் பற்றிக்கொண்டோம். பெண்ணுக்கு ஏணி பொருந்தாது என்றும் யாரோ கற்பித்தார்கள், அதனையும் பற்றிக்கொண்டோம். ஊறுகாய் ஜாடியும் வீட்டுக்காரரும் நம் நாவில் வந்தது எதனால்? ஏணி மேல் நின்றவர் ஓர் ஆடவராயின் அந்தச் சிரிப்பு அவ்வளவு ஓங்கி எழுந்திருக்குமா? நேர்மையாக விடை கூறினால், எழுந்திருக்காது. நம் வீட்டுப் பெண்கள் அலுவலகம் செல்கின்றனர்; வாகனம் ஓட்டுகின்றனர்; ஆயினும் நம் சிரிப்பு மட்டும் இன்னும் பழைய தெருவிலேயே குடியிருக்கிறது.

நான்காவது எள்ளல். இங்குதான் நம் உரையாசிரியர் பேராசிரியர் ஒரு நுட்பம் காட்டுகிறார். எள்ளலால் பிறக்கும் நகை இரு வகைப்படும் என்பது அவர் கருத்து: தான் பிறரை எள்ளி நகைப்பது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தான் நகைப்பது மற்றொன்று. ஒரே சொல்லுக்குள் எள்ளுபவனையும் எள்ளப்படுபவனையும் அவர் சேர்த்து நிறுத்திவிட்டார். நகைப்பின் அறத்தைப் பற்றி எண்ணுவோர்க்கு இதனினும் சிறந்த தொடக்கம் வேறில்லை. நாம் நகைக்கும்போது முதல் வகையை மட்டும் நினைக்கிறோம். இரண்டாம் வகையில் நாமும் ஒருநாள் நின்றவர்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

எள்ளப்பட்டவர் இருவகை

நாம் கைதட்டி வரவேற்ற ஹோமாய் வியாரவாலாவும் எள்ளலைக் கண்டவரே. 1913இல் குஜராத்தின் நவசாரியில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர், பம்பாயில் ஜே. ஜே. கலைப்பள்ளியில் பயின்றவர். தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில் வெளிவந்தன. 1942இல் தில்லிக்கு வந்து, பிரித்தானியத் தகவல் துறையில் பணியேற்றார். சேலை உடுத்தி, கனத்த கருவியைத் தூக்கிக்கொண்டு, மிதிவண்டியில் இத்தலைநகரின் தெருக்களில் திரிந்தார். கண்டவர்கள் இதனை ஒரு விளையாட்டு என்றே எண்ணினராம். ஏதோ பகட்டுக்காகக் கருவியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள் என்று பொருட்படுத்தாது விட்டனராம். அதுவே தமக்கு வாய்ப்பாயிற்று என்று அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார். பொருட்படுத்தாதவர்கள் தடுக்கவும் இல்லை. பிறர் புக இயலாத இடங்களுக்கும் அவர் சென்று படமெடுத்தார். 1947 ஆகஸ்டில் செங்கோட்டையில் கொடியேறியதும், காந்தியடிகளின் இறுதி ஊர்வலமும் அவர் கருவியில் பதிந்து இன்று வரலாறாக நிற்கின்றன. எள்ளியவர்கள் யார், அவர்கள் பெயர் என்ன என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

இதனை எழுதும்போது நம் பெற்றோர் தலைமுறை நினைவுக்கு வருகிறது. அஃறிணைப் பொருளுக்கு ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லாத மொழியில் பிறந்தவர்கள் அவர்கள். இந்நகருக்கு வந்த பின்னர், தயிர் ஆண் என்றும் ரொட்டி பெண் என்றும் அறிந்து திகைத்தார்கள். தயிரைப் பெண்ணாக்கிப் பேசியபோது கடைக்காரர் சிரித்தார். அடுத்த வீட்டார் சிரித்தனர். அலுவலகத்தில் உடன் பணியாற்றுவோர் சிரித்தனர். அவர்கள் என்ன செய்தார்கள்? வீட்டுக்கு வந்து, அந்தக் கதையைத் தாமே நடித்துக் காட்டி, குடும்பத்தோடு சேர்ந்து நகைத்தார்கள். பேராசிரியர் கூறிய இரண்டாம் வகை நகை அது. அந்த நகையில் கைப்பு இருந்ததா என்று நாம் கேட்டதில்லை. சிறிது இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. சில நாட்களில் தந்தையார் கதையை நடித்துக் காட்டாமல், செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு வாளாவிருந்ததும் நினைவில் உள்ளது.

நகைப்பின் ஏணி

எள்ளப்பட்டவர் எல்லோரும் பிறரை எள்ளாதவர் என்று கொள்வதற்கில்லை. ஜெஸ்ஸி பீல்ஸ் நின்ற அந்தப் பொருட்காட்சித் திடலுக்கே மீண்டும் செல்வோம். 1898இல் ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸ் தீவுகளைப் பெற்ற அமெரிக்க அரசு, அத்தீவுகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை அங்கே கொண்டுவந்து, குடிசைகள் அமைத்து, காட்சிப்பொருளாக நிறுத்தியிருந்தது. அவர்கள் உடுத்தியது, உண்டது, ஆடியது அனைத்தையும் காணப் பெருங்கூட்டம் கூடியது, கண்டு நகைத்தது. ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டிலிருந்து கொணரப்பட்ட ஓட்டா பெங்கா என்ற இளைஞரும் அங்கே காட்டப்பட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1906இல், நியூயார்க் விலங்கியற் பூங்காவில் குரங்குகளின் கூடத்தில் அவரை வைத்துக் காட்டினார்கள். அங்கும் கூட்டம் நகைத்தது. 1916இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அந்தப் பொருட்காட்சியில் காட்டப்பட்ட அம்மக்களைப் படமெடுத்தோருள் ஜெஸ்ஸி பீல்ஸும் ஒருவர். பெண் என்பதால் அனுமதிக்குப் போராடியவர். தம் தொழிலுக்காக எள்ளலைப் பொறுத்தவர். ஆயினும் அந்தக் குடிசைகளின் முன் நின்றபோது அவருடைய கருவி, காண வந்த கூட்டத்தின் பக்கமே நின்றது. அவரைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. அக்காலம் அத்தகையது, அவர் தொழிலும் அத்தகையது. ஆனால் இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. நகைப்புக்கும் ஓர் ஏணி உண்டு. ஒவ்வொருவரும் ஒரு படியில் நிற்கிறோம். மேற்படியில் இருப்பவர் நம்மைக் கண்டு நகைக்கும்போது வலிக்கிறது. நாம் கீழ்ப்படியைக் கண்டு நகைக்கும்போது அது வெறும் வேடிக்கையாகத் தோன்றுகிறது.

நம்மை எடுத்துக்கொண்டாலும் இதுவே நிலை. இந்நகருக்கு வந்த புதிதில் நம் பேச்சைக் கேட்டுப் பிறர் சிரித்தனர். பத்தாண்டுகள் ஆயின, தயிர் ஆண் என்பது நமக்குப் பழகிவிட்டது. இப்போது ஊரிலிருந்து புதிதாக வந்திறங்கும் ஓர் இளைஞன் தயிரைப் பெண்ணாக்கிப் பேசினால் முதலில் சிரிப்பவர்கள் யார்? நாம்தான். அவன் தலையில் எண்ணெய் மிகுதி என்கிறோம். அவன் குளிருக்கு அஞ்சி மூன்று கம்பளிச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிகிறான் என்கிறோம். ஒரு படி ஏறியவுடன், தாம் நேற்று நின்ற படியே வேடிக்கைப் பொருளாகிவிடுகிறது. ஏணி மேல் நின்ற பெண்மணியைக் கண்டு நகைத்ததைக் காட்டிலும் இது கொடிது. அவர் காதில் நம் சிரிப்பு விழாது. அந்த இளைஞன் காதில் விழும்.

நகைக்கவே கூடாதா?

அங்ஙனமாயின் நகைக்கவே கூடாதா என்று அன்பர்கள் வினவலாம். பழைய படங்களைக் கோயில் சிலைகளைப் போல் கைகூப்பித்தான் காணவேண்டுமா? நாள் முழுதும் கோப்புகளுக்கிடையே வாழ்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாலு பேர் கூடிச் சிரிப்பதற்கும் அறநூல் பார்க்க வேண்டுமா? இந்த மறுப்பு நியாயமானது. சிரிப்பில்லாத சங்கத்துக்கு நாமும் செல்லமாட்டோம். எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்தவர் மனிதனை நன்கறிந்தவர். அந்தப் படத்தைக் கண்டு நகைத்தவர்கள் தீயோருமல்லர். பண்டிகைக்குப் பலகாரம் செய்தால் தெரு முழுதும் கொடுப்பவர்கள். எவர் வீட்டிலேனும் நோய் என்றால் இரவெல்லாம் மருத்துவமனையில் காத்திருப்பவர்கள்.

நாம் கூற வருவது இவ்வளவே: முதற் சிரிப்பு குற்றமன்று, அது நம்மைக் கேட்டு வருவதில்லை. ஆனால் அந்தச் சிரிப்போடு நிறுத்திக்கொள்வது நம் விருப்பத்தால் நிகழ்வது. ஆகவே அதற்கு நாம் பொறுப்புடையோம். சிரித்துவிட்டு, "அவர் ஏன் அங்கே ஏறினார்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், நகை தானே தன் வழியில் நடந்திருக்கும்.

எங்கு நடந்திருக்கும்? அதற்கும் மெய்ப்பாட்டியலே வழிகாட்டுகிறது. நகைக்குப் பின்னே வேறு ஏழு மெய்ப்பாடுகள் உள்ளன. வியப்பாகிய மருட்கை தோன்றும் இடங்களுள் ஒன்று புதுமை. நமக்குப் பழையதாகத் தோன்றும் அந்தப் பெட்டி, 1904இல் அதனைச் சூழ்ந்து நின்றோர்க்குப் புதுமை. அவர்கள் கண்கொண்டு பார்த்தால் நமக்கும் மருட்கை பிறக்கும். பெருமிதம் தோன்றும் இடங்களுள் ஒன்று தறுகண், அஃதாவது அஞ்சாமை. ஏணியின் உச்சியில், கையில் மாற்றில்லாத ஒரு கண்ணாடித் தகட்டோடு நின்றவரிடம் இருந்தது அதுவன்றி வேறென்ன? அழுகை தோன்றும் இடங்களுள் இழவும் வறுமையும் உள்ளன. ஜெஸ்ஸி பீல்ஸ் நியூயார்க்கில் நிலையம் அமைத்து, புகழ்பெற்று, பின்னர்ச் செல்வமெல்லாம் இழந்தார். 1942இல் அந்நகரின் பெல்வியூ மருத்துவமனையில், ஏழையர்க்கான பகுதியில் உயிர்நீத்தார். அவர் சுமந்து சுமந்து எடுத்த படங்களில் பல பேணுவாரின்றி அழிந்தன. இதனை உரையாளர் அன்றே கூறினார். ஆனால் நாம் ஊறுகாய் ஜாடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தமையால் செவ்வையாகக் கேட்கவில்லை. பின்னர் அவரைத் தேடிச் சென்று மீண்டும் கேட்டறிந்தோம்.

நகை, மருட்கை, பெருமிதம், அழுகை ஆகிய நான்கும் ஒரே படத்துள் இருந்தன. முதலாவதைப் பெற்றுக்கொண்டு மற்ற மூன்றையும் அரங்கிலேயே விட்டுவிட்டு வந்தோம். நட்டம் அவருக்கில்லை. அவருக்கு நம் நகையும் எட்டாது; நம் கைதட்டலும் எட்டாது. மாண்டவரை எள்ளுவதால் மாண்டவர்க்குத் தீங்கில்லை என்று வாதிடுவோர் கூறுவது உண்மையே. தீங்கு நமக்குத்தான். பெயரறியாதவரைக் கண்டு தயங்காது நகைக்கப் பழகிய நா, நாளை இரயில் நிலையத்தில் பெட்டியோடு வந்திறங்கும் அந்த இளைஞனைக் கண்டும் தயங்காது நகைக்கும்.

அன்று மாலை நடந்த ஒன்றை இறுதியாகக் கூறி அமைகிறோம். கூட்டம் முடிந்ததும், வந்திருந்தோர் அனைவரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார் செயலாளர். மூத்தவர்கள் முன்வரிசையில் அமர, மகளிர் ஒருபுறமும் ஆடவர் ஒருபுறமுமாக நிற்க, குழந்தைகள் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தனர். படமெடுக்கும் பொறுப்பு, கைப்பேசியைக் குச்சியில் மாட்டச் சொன்ன அதே சிறுவனுக்கு வாய்த்தது. குச்சி அன்று அவனிடம் இல்லை. அவன் பின்னே நகர்ந்தான், சுவர் தடுத்தது. பக்கவாட்டில் நகர்ந்தான், தூண் மறைத்தது. பின்வரிசையில் நின்றோரின் முகங்கள் தெரியவில்லை என்று கூவினான். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறினான். அதுவும் போதவில்லை. நாற்காலியிலிருந்து மேசைக்கு ஏறி, இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, நுனிக்காலில் நின்றான். மேசை சற்று ஆடிற்று. அவன் தாயார் ஓடிச்சென்று மேசையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது ஒருவரும் நகைக்கவில்லை. படம் நன்றாக வந்திருந்தது. எல்லோருடைய முகமும் தெரிந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தமையால் தாயார் மட்டும் படத்தில் இல்லை. எடுத்தமையால் மகனும் இல்லை.

அவன் இறங்கும்போது அருகில் சென்று, ஏணி மேல் நின்ற அம்மையாரின் பெயரைச் சொல்லி, நினைவிருக்கிறதா என்று கேட்டோம். சிறிது நேரம் விழித்தான். பிறகு மேசையைத் திரும்பிப் பார்த்தான். சிரித்தான். அந்தச் சிரிப்பு முன்பு சிரித்த சிரிப்பன்று.